பூச்சிக் குளிசை கொடுத்தால் பிள்ளைக்குத் தொய்வு வருமா?

துணுக்காய்ப் பக்கத்தில் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் சுருக்கம் இது:

"டொக்டர், எனக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பூச்சிக் குளிசை கொடுக்கப் போகிறார்கள். கனடாவில் இருக்கும் என் அக்கா, கொடுக்காதே என்கிறா. அக்காவின் மகனுக்குத் தொய்வும் கரப்பனும் இருக்கிறது. 'உங்கட பிள்ளைகளுக்கு வயிற்றில பூச்சி இருக்கிறபடியால்தான் இந்த வருத்தங்கள் இல்லை, பூச்சி உடம்பைச் சமாதானப்படுத்துதாம், அதுக்கு நோபல் பரிசும் குடுத்திருக்கிறாங்கள்' என்று வட்ஸ்அப்பில் ஒரு வீடியோவும் அனுப்பினா. போன மாதம் மகளின் இரத்தத்தைச் சோதித்ததில் எச்பி 9.8, இயோசினோபில் 14 வீதம் என்று வந்தது. அவளுக்கு வயிற்றுவலி கிடையாது. ஓடி விளையாடுகிறாள், கொஞ்சம் களைப்பு மட்டும்தான். கொப்புளிப்பான் ஒரு முறை வந்தால் பிறகு வராது என்கிறார்கள். பூச்சி மட்டும் ஏன் குளிசை போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது? என் தங்கச்சி ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் கிளினிக்கில் பூச்சிக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். போடலாமா?"

அன்புள்ள ரீச்சர்,

மகளுக்குக் குளிசையைக் கொடுங்கள். தங்கச்சியும் கிளினிக்கில் சொன்னபடி போடட்டும். பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் மீதி கொஞ்சம் நீளம். உங்கள் அக்கா சொன்னது முழுப் பொய் என்றால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி மிகவும் அழகான உண்மை என்பதால்தான் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வழி தவறுகிறார்கள்.

அதற்கு முன் எச்பியை, அதாவது இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் அளவைப் பார்ப்போம். ஐந்து வயதிலிருந்து பதினொரு வயது வரையான பிள்ளைக்கு 11.5க்குக் கீழே இறங்கினால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உங்கள் மகளின் 9.8 நடுத்தர அளவிலான சோகை. ஓடி விளையாடுகிறாள் என்பதை வைத்து ஆறுதல் அடையவேண்டாம். இரத்தம் திடீரென்று போனால் உடம்பு கத்தும். துளி துளியாகப் போனால் பழகிக்கொள்ளும். பல வருடங்களுக்கு முன் ஒரு வயல்காரர் என்னிடம் வந்தார். களைப்பு என்றுதான் சொன்னார். சோதித்துப் பார்த்தால் எச்பி 5. அந்த எச்பியோடு அவர் அன்று காலையிலும் வரம்பு வெட்டிவிட்டு வந்திருந்தார். மலத்தைச் சோதித்ததில் நிறையக் கொக்கிப்புழு முட்டை. "வயிறு ஒரு நாளும் நொந்ததில்லை ஐயா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. அவருடைய வயிறு ஏன் நோகவில்லை என்பதுதான் உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விசயம்.

நமது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை எப்போதும் படை, போர்வீரன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வன்னியில் இருக்கும் நமக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று கண்முன்னே இருக்கிறது. வவுனிக்குளத்தை நினைத்துப் பாருங்கள். குளத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் வயல் இல்லை. அதே தண்ணீர் மார்கழி மழையில் அளவுக்கு மிஞ்சினால் கட்டை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வரும். அதனால்தான் குளம் கட்டியவர்கள் கட்டோடு சேர்த்து, மிஞ்சிய தண்ணீர் வழிந்தோட வானும் வைத்தார்கள். தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் வான் பாயும், கட்டு நிற்கும். எதிர்ப்புச் சக்தியும் அப்படித்தான். கிருமியைக் கொல்லும் அதே சக்தி, அடங்காமல் போனால் நம் குடலையும் தோலையும் கணையத்தையும் கொல்லும். அதற்கு உடம்பு வைத்திருக்கும் வான்தான் 'சீராக்கும் ரி கலங்கள்'. வெள்ளைக் கலங்களில் ஒரு சிறு பிரிவு. மற்றக் கலங்கள் கொதிக்கும்போது இவை இன்டர்லூக்கின் 10, ரிஜிஎஃப் பீற்றா என்ற இரண்டு பொருட்களைச் சுரந்து அந்தக் கொதிப்பை இறக்கும். சண்டைக் கலங்கள் பெருகுவதற்குத் தேவையான இன்டர்லூக்கின் 2 என்ற ஊட்டத்தையும் இவையே உறிஞ்சி எடுத்துவிடும்.

நோபல் பரிசு கிடைத்தது உண்மை. 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு யப்பானின் சிமோன் சகாகுச்சிக்கும், அமெரிக்காவின் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் இந்தக் கலங்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகத்தான் கொடுக்கப்பட்டது. அது கலங்களுக்குக் கிடைத்த பரிசு. புழுவுக்கு அதில் பங்கு கிடையாது.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பிறந்து மூன்றாம் நாள் சுண்டெலிக் குட்டியின் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால், வளர வளர அதன் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்கியது. எதிர்ப்புக் கலங்கள் வளர்ந்து பயிற்சி எடுக்கும் இடமே தைமஸ்தான். அதை எடுத்தால் எதிர்ப்பு குறையவேண்டும், ஆனால் கூடியது. நல்ல எலியிலிருந்து ரி கலங்களை எடுத்து அந்தக் குட்டிக்குக் கொடுத்ததும் தாக்குதல் வராமல் நின்றது. அப்படியென்றால் ரி கலங்களுக்குள்ளேயே அடக்குகிற ஒரு பிரிவு இருக்கவேண்டும் என்று சகாகுச்சி தேடினார். 1995இல் அதை அடையாளம் காட்டினார். இன்னொரு பக்கத்தில், 1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் தற்செயலாகப் பிறந்த ஒரு எலிப் பரம்பரை இருந்தது. அதன் ஆண் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரியும், சில வாரங்களில் இறந்துவிடும். அதற்குக் காரணமான மரபணுவை 2001இல் பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் கண்டுபிடித்தார்கள். ஃபொக்ஸ்பி3 என்று பெயர். வானைக் கட்டுவதே அந்த மரபணுதான் என்று பிறகு தெரிந்தது. மனிதரிலும் அது பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகள் அபூர்வமாக உண்டு. பிறந்த சில மாதங்களிலேயே நிற்காத வயிற்றோட்டம், நீரிழிவு, கடும் கரப்பன் எல்லாம் ஒன்றாக வரும். வான் இல்லாத குளம் எப்படியிருக்கும் என்பதற்கு அந்தக் குழந்தைகளின் துன்பமே சாட்சி.

இப்போது புழுவுக்கு வருவோம்.

கொப்புளிப்பான் கிருமி நமது கலத்துக்குள் ஒளிந்திருக்கும் நுண்ணிய பொருள். அந்தக் கலத்தை அழித்தால் கிருமியும் அழியும், உடம்பு அதன் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். வட்டப்புழு அப்படியா? 30 சென்ரிமீற்றர் வரை வளரும். எந்த வெள்ளைக் கலத்தாலும் அதை விழுங்க முடியாது. அதனால் உடம்பு வேறு வழியில் போகும். குடல் சுவரில் உள்ள 'குச்சம்' போன்ற ஒருவகைக் கலங்கள் புழுவின் வாடையைப் பிடித்து எச்சரிக்கை கொடுக்கும். இன்டர்லூக்கின் 4, 5, 13 என்று ஒரு கூட்டம் கிளம்பும். குடல் சளியைக் கொட்டும், தசை வேகமாகச் சுருங்கித் தள்ளும், ஐஜிஈ என்ற எதிர்ப்பொருள் கூடும், இயோசினோபில் என்ற வெள்ளைக் கலங்கள் பெருகும். உங்கள் மகளின் ரிப்போட்டில் 14 வீதம் என்று இருப்பது இந்தக் கூட்டத்தின் காலடிச் சத்தமாக இருக்கலாம். ஒவ்வாமை இருந்தாலும் அதே இலக்கம் கூடும், ஆகவே அதை மட்டும் வைத்துப் பூச்சி என்று முடிவுகட்ட முடியாது. ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வாமையில் தும்மலும் முட்டும் சொறியும் கொண்டுவருகிற கூட்டமும் இதுவேதான். புழுவுக்காகக் கட்டப்பட்ட அணி தூசுக்கும் மகரந்தத்துக்கும் கிளம்பினால் அதைத்தான் தொய்வு என்கிறோம்.

இந்தக் கூட்டம் புழுவைத் துரத்தும்வரை ஓயாமல் கொதித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? இயோசினோபில் கொட்டும் நஞ்சு புழுவின் தோலையும் எரிக்கும், நம் குடலையும் எரிக்கும். இன்டர்லூக்கின் 10 இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சாட்டைப்புழுவைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாதாரண எலி தாங்கிக்கொள்ளும் அதே புழு, இவற்றைக் கொன்றுவிட்டது. புழு செய்த சேதத்தைவிடக் குடலின் கொதிப்பு செய்த சேதம் பெரிது. ஆகவே உடம்பு ஒரு கட்டத்தில் கணக்குப் பார்க்கிறது. இந்தப் புழுவைத் துரத்தக் குடலையே கொடுக்கவேண்டுமா? வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். சீராக்கும் கலங்கள் குடலில் கூடும், வான் பாயும், கொதிப்பு இறங்கும். கோபமான ஐஜிஈயின் இடத்தை ஐஜிஜி4 என்ற சாந்தமான எதிர்ப்பொருள் எடுத்துக்கொள்ளும். வயல்காரரின் வயிறு நோகாமல் இருந்தது இதனால்தான்.

யானை வயலுக்குள் இறங்கினால் வெடி கொளுத்தலாம். யானை போகவில்லை என்று வயலுக்கே தீ வைக்க எந்த வன்னி விவசாயியும் துணியமாட்டான். உடம்பும் துணிவதில்லை.

ஆனால் யானை சாப்பிடுவதை நிறுத்தாது அல்லவா? நமது நாட்டில் காணப்படும் நெக்கேட்டர் வகைக் கொக்கிப்புழு ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் இரத்தம் எடுக்கும். நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலீற்றர், மாதத்துக்கு 90. எட்டு வயதுப் பிள்ளையின் உடம்பில் மொத்தமாக ஓடுவதே ஒன்றரை, ஒன்றேமுக்கால் லீற்றர் இரத்தம்தான். வலி இல்லை, ஆனால் களவு நடக்கிறது. வலி இல்லாதபடியால்தான் களவு இவ்வளவு காலம் நடக்கிறது.

இதில் எனக்குப் பெரிய வியப்புத் தருவது அடுத்த பகுதி. வானை உடம்பு மட்டும் திறப்பதில்லை, புழுவும் திறக்கிறது. எலியின் குடலில் வாழும் ஹெலிக்மோசோமொயிடிஸ் என்ற புழு சுரக்கும் ஒரு புரதத்தை ஸ்கொட்லாந்தில் ரிக் மெய்சல்ஸ் என்பவரின் குழு 2017இல் வெளிப்படுத்தியது. அந்தப் புரதம் நமது ரிஜிஎஃப் பீற்றாவைப் போல வேலை செய்கிறது, சாதாரண ரி கலத்தைச் சீராக்கும் கலமாக மாற்றிவிடுகிறது. வியப்பு என்னவென்றால், அமைப்பில் இரண்டுக்கும் ஒற்றுமையே இல்லை. ஒரே பூட்டுக்கு, வேறொரு கொல்லன், வேறு உலோகத்தில், வேறு வடிவத்தில் ஒரு திறப்புச் செய்து அதுவும் பூட்டைத் திறப்பது போல. தலைமுறை தலைமுறையாகக் குடலில் குடியிருந்து செய்த கள்ளத் திறப்பு அது.

அப்போ உங்கள் கேள்விக்கு வருகிறேன்: ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஒன்று, உடம்பு புழுவை மறப்பதில்லை, ஆனால் வானைத் திறந்து வைத்துக்கொண்டு நினைவில் வைத்திருக்கிறது. கொப்புளிப்பானுக்குக் கிடைப்பது போன்ற முழுப் பாதுகாப்பு அதனால் கிடைப்பதில்லை. இரண்டு, சூழல். ஒரு பெண் வட்டப்புழு நாளுக்கு இரண்டு இலட்சம் முட்டைவரை இடும். அவை மண்ணில் சில வாரங்களில் முதிர்ந்து, கழுவாத கையோடும் மரக்கறியோடும் வாய்க்குப் போகும். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணில் ஒரு வாரத்தில் தயாராகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வரும். குளிசை குடலில் இருப்பதைத்தான் வெளியேற்றும். அடுத்த நாள் காலில் ஏறுவதை அது தடுக்காது.

அக்கா சொன்ன பாதி உண்மை எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். புழு திறந்த வானால் புழுவுக்கு எதிரான கொதிப்பு மட்டும் இறங்குவதில்லை. பக்கத்தில் இருக்கும் மற்றக் கொதிப்பும் சேர்ந்து இறங்கும். இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சாட்சி ஆர்ஜென்டினாவில் இருக்கிறது. நரம்பின் உறையைத் தன் எதிர்ப்புச் சக்தியே அரிக்கும் நோய் ஒன்று உண்டு, மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்பார்கள். அந்த நோயாளிகளில் தற்செயலாகக் குடற்புழு பிடித்திருந்த 12 பேரையும், புழு இல்லாத 12 பேரையும் நாலரை வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். புழு இருந்தவர்களுக்கு நோய் மிகக் குறைவாகவே கிளம்பியது, அவர்களின் இரத்தத்தில் சீராக்கும் கலங்களும் கூடுதலாக இருந்தன. 2007இல் இது வெளிவந்தது. பிறகு அவர்களில் நான்கு பேருக்குப் புழுவின் தொல்லை தாங்கமுடியாமல் மருந்து கொடுக்கவேண்டி வந்தது. புழு போனது, சீராக்கும் கலங்கள் குறைந்தன, நரம்பு நோய் மறுபடி தலைதூக்கியது. இதைப் படித்தபோது எனக்கே ஒரு கணம் கை நின்றது, உண்மையைச் சொல்கிறேன்.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் வேண்டுமென்றே புழுவைக் கொடுத்தும் பார்த்தார்கள். பன்றியின் சாட்டைப்புழு முட்டையைக் குடல் அழற்சி உள்ளவர்கள் விழுங்கினார்கள். 2005இல் அமெரிக்காவில் 29 பேரில் செய்த ஆரம்ப முயற்சி ஒன்று நம்பிக்கை தந்தது. யார் முட்டை குடிக்கிறார், யார் வெறும் திரவம் குடிக்கிறார் என்று தெரியாமல் பெரிய அளவில் செய்தபோது அந்த நன்மை தெரியவில்லை. அந்த வீடியோக்களில் முதல் பாதி மட்டும் வருகிறது, இரண்டாம் பாதி வருவதில்லை.

தொய்வு விசயத்தில் இன்னும் சிக்கல். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2006இல் பார்த்தபோது, கொக்கிப்புழு இருந்தவர்களில் தொய்வு குறைவாக இருந்தது. வட்டப்புழு இருந்தவர்களில் தொய்வு கூடுதலாக இருந்தது. ஆமாம், கூடுதலாக. நுரையீரல் வழியாகப் பயணம் போகும் குஞ்சுகள் அங்கே மூச்சு இழுப்பைக் கிளப்பலாம். ஆகவே "பூச்சி இருந்தால் தொய்வு வராது" என்ற ஒரே வசனத்துக்குள் எல்லாப் பூச்சியையும் போட்டுக் கட்டமுடியாது.

சரி, குளிசை கொடுத்துப் புழுவைப் போக்கினால் ஒவ்வாமை கிளம்புமா? இதையும் நேராகச் சோதித்திருக்கிறார்கள். ஆபிரிக்காவின் கபோனில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பலமுறை புழு மருந்து கொடுத்த பிறகு, வீட்டுத் தூசில் வாழும் சிற்றுண்ணிக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் சிவப்பு கூடியது. 2004இல் வந்தது அது. வியட்நாமிலும் அப்படித்தான், தோல் சோதனை கூடியது, ஆனால் பிள்ளைகளுக்கு நோய் கூடவில்லை. எக்குவடோரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாக ஒரு வருடம் முழுக்க அல்பென்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்தும் முட்டோ கரப்பனோ கூடவில்லை. தோலில் ஒரு சிவப்புப் புள்ளி கூடுவது வேறு, பிள்ளைக்கு இரவில் மூச்சு இழுப்பது வேறு. புழு போன பிறகும் உடம்பின் சொந்த வான் அங்கேயே இருக்கிறது. கள்ளத் திறப்பு மட்டும்தான் போகிறது.

அக்காவின் வாதத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. 2017இல் இலங்கை முழுவதும் ஆரம்பப் பள்ளி மாணவரிடம் எடுத்த கணக்கெடுப்பில், மண்வழி பரவும் குடற்புழு இருந்த பிள்ளைகள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். தோட்டப் பகுதிகளில் மட்டும் அது 9 வீதமாக இருந்தது. அப்படியென்றால் உங்கள் முன்பள்ளியில் முட்டு இல்லாமல் துள்ளிக்கொண்டு திரியும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் வயிற்றில் புழுவே இருக்காது. அவர்களைக் காப்பாற்றுவது புழு என்று எப்படிச் சொல்வது? வன்னியில் தொய்வே இல்லை என்பதும் சரியில்லை. விறகுப் புகைக்குள் இருமிக்கொண்டு வரும் பிள்ளைகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

கனடாவில் வளரும் பிள்ளைக்கும் இங்கே வளரும் பிள்ளைக்கும் வித்தியாசம் இருந்தால், அதைத் தேட வேறு இடங்கள் உண்டு. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் இருக்கின்றன. வேர் ஒரே பகுதி, சாப்பாடும் வாழ்க்கை முறையும் கிட்டத்தட்ட ஒன்று. ஆமிஷ் ஆட்கள் மாடு குதிரையோடு பழைய முறையில், தொழுவம் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்து வாழ்கிறார்கள். மற்றவர்களின் பண்ணை பெரியது, இயந்திரமயமானது, வீட்டுக்குத் தூரம். ஆமிஷ் பிள்ளைகளில் தொய்வு 5 வீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21 வீதம் என்று 2016இல் எழுதினார்கள். வீட்டுத் தூசில் இருந்த மாட்டுத் தொழுவத்து நுண்ணுயிர்கள் சின்ன வயதிலேயே எதிர்ப்புச் சக்தியைப் பழக்கிவிடுகின்றன என்பது அவர்களின் விளக்கம். பட்டி மாடும் சாணம் தெளித்த முற்றமும் நமக்குப் புதிதா? அந்தப் பழக்கத்துக்கு இரத்தம் குடிக்கும் புழு தேவையில்லை. மாட்டுக் கொட்டிலில் மகள் விளையாடட்டும், காலில் செருப்போடு, பிறகு கையைக் கழுவிக்கொண்டு.

தங்கச்சியின் விசயம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் புழு மருந்து கொடுப்பதில்லை. அதற்குப் பிறகு கொடுப்பது இலங்கையில் பல காலமாக இருக்கும் நடைமுறை, அது இங்கேயே சோதிக்கப்பட்டது. பேராசிரியர் நிலந்தி டி சில்வாவின் குழு தோட்டப் பகுதிகளில் ஏறத்தாழ 7000 பிரசவங்களைப் பார்த்து 1999இல் எழுதியது. மெபென்டசோல் போட்ட தாய்மாரில் குழந்தை இறந்து பிறப்பதும் பிறந்த சில நாளில் இறப்பதும் 1.9 வீதம், போடாதவர்களில் 3.3 வீதம். ஐந்து மாதத்தில் இருக்கும் உங்கள் தங்கச்சி தயங்கவேண்டியதில்லை. மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். உகண்டாவில் கர்ப்பகாலத்தில் அல்பென்டசோல் போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குக் கரப்பன் கூடுதலாக வந்தது என்று 2011இல் ஒரு ஆய்வு காட்டியது. தாயின் வயிற்றிலேயே குழந்தையின் வான் பழகுகிறதோ என்ற கேள்வியை அது எழுப்புகிறது, நல்ல கேள்வி அது. ஆனால் ஒரு தட்டில் மருந்து பூசி ஆற்றக்கூடிய கரப்பன், மறு தட்டில் பிரசவத்தில் இரத்தம் போனால் தாங்கமுடியாத தாய். எனக்குத் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

புழு திறந்த வானுக்கு இன்னொரு விலையும் உண்டு. அதை ரீச்சரான நீங்கள் மற்றத் தாய்மாருக்கும் சொல்லவேண்டும். கொதிப்பை இறக்கும் அதே கை, தடுப்பூசிக்கு உடம்பு காட்டவேண்டிய நல்ல எதிர்ப்பையும் இறக்கிவிடும். வட்டப்புழு இருந்த பிள்ளைகளுக்கு முதலில் புழு மருந்து கொடுத்துவிட்டு வாய்வழி வாந்திபேதித் தடுப்பு மருந்தைக் கொடுத்தபோது, அது நன்றாகப் பிடித்தது என்று எக்குவடோரில் 2000இல் கண்டார்கள்.

இனி மகளுக்குச் செய்யவேண்டியது. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் மெபென்டசோல் ஒற்றைக் குளிசை வட்டப்புழுவை நன்றாகவே விரட்டும். கொக்கிப்புழுவை அது ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களில்தான் முழுதாக நீக்கும், அல்பென்டசோல் அதைவிட நல்லது. எச்பி 9.8 என்பதால் பள்ளிக்கூடக் குளிசையோடு விட்டுவிடாமல், ஆஸ்பத்திரியில் காட்டி மலம் சோதியுங்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அதைப் பார்த்து அவர்கள் சொல்லட்டும். இரத்தச்சோகைக்குப் புழு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டில் இரும்புச்சத்துக் குறைவு, பரம்பரையாக வரும் தலசீமியா, இவற்றையும் பார்ப்பார்கள். இரும்புக் குளிசை தந்தால் எச்பி ஏறியதும் நிறுத்திவிடாமல் சொன்ன காலம் முழுவதும் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. சாப்பாட்டில் இருக்கும் இரும்பைத் தேயிலை கட்டிப்போட்டுவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள், பிள்ளைக்கு அதுவும் தேவையில்லை என்பேன். நெத்தலி, ஈரல், முருங்கையிலை, அதோடு ஒரு பாதித் தேசிக்காய்ப் புளி. புளி இருந்தால் இலையின் இரும்பு நன்றாக ஏறும்.

வீட்டில் எல்லோரும் ஒன்றாகக் குளிசை போடுவது நல்லது, இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவமாதுவைக் கேட்டுவிட்டு. ஒரே முற்றத்தில் விளையாடி ஒரே சட்டியில் சாப்பிடும் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் புழு குவிந்திருப்பது வழக்கம். அந்த ஒருவர்தான் எல்லோருக்கும் முட்டை பரப்புகிறவர், அவரை வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் யாராவது தொய்வுக்கோ மூட்டுக்கோ பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை நீண்ட நாள் போடுபவர் இருந்தால், போடும் முன் புழு பற்றி டொக்டரிடம் கட்டாயம் கேட்கவேண்டும். ஸ்ரொங்கிலொயிடிஸ் என்று ஒரு புழு இருக்கிறது, அது உடம்புக்குள்ளேயே பெருகக்கூடியது. ஸ்டீரொயிட் எதிர்ப்பு முழுவதையும் அமுக்கும்போது அது உடம்பெங்கும் பரவி உயிரை எடுத்ததுண்டு. தொய்வுக்கு உறிஞ்சும் பம்ப் பாவிப்பவர்கள் இதற்குப் பயந்து அதை நிறுத்தவேண்டாம், அதில் இருக்கும் ஸ்டீரொயிட்டின் அளவு மிகச் சிறியது.

நாய் பூனையும் ஒரு வழி. அவற்றின் குடலில் வாழும் ஒரு கொக்கிப்புழு மனிதரையும் பிடிக்கும். அதை முதன்முதலில் 1911இல் விவரித்தபோது நமது நாட்டின் பெயரையே வைத்தார்கள், அன்சைலொஸ்ரோமா சிலானிக்கம் என்று. வளவு நாய்க்கு மிருக வைத்தியரிடம் புழு மருந்து கொடுங்கள். வயலில் சேற்றுக்குள் செருப்போடு நிற்கமுடியாது என்பது எனக்குத் தெரியும், நானும் நாற்று நட்ட காலில்தான் வளர்ந்தவன். ஆனால் முற்றத்திலும் மலசலகூடத்துக்குப் போகும் வழியிலும் முன்பள்ளி வளவிலும் பாட்டா போடலாம். முன்பள்ளியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சவர்க்காரம் எப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அக்காவுக்கு இந்தக் கடிதத்தையே அனுப்பிவிடுங்கள். அவரின் மகனுக்குத் தேவையானது அவனுடைய டொக்டர் தரும் பம்ப்தான், இணையத்தில் விற்கும் புழு முட்டையை வாங்க நினைத்தால் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அந்தக் கள்ளத் திறப்பின் அச்சைப் பார்த்து, புழு இல்லாமலே மருந்தாகச் செய்ய ஆய்வுகூடங்களில் முயல்கிறார்கள். அது கைகூடினால் அவனுக்கும் உதவும்.

மகளின் மலச் சோதனை ரிப்போட் வந்ததும், மூன்று மாதம் கழித்து எடுக்கும் எச்பியும் எனக்கு எழுதுங்கள். இயோசினோபிலும் அப்போது எவ்வளவு என்று சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
டொக்டர்